ஒரு நிரல், பல மொழித்தளங்கள்: பல்குடி முறையை நிறுவுதல்

ஒரே மென்பொருளை நிறுவி, ஒன்றோடொன்று தொடர்பற்ற பலர் தத்தம் தரவுகளுடன் பயன்படுத்துமாறு அமைப்பதைப் பல்குடி முறை எனலாம். ஒரு கட்டடத்தில் பல குடும்பங்கள் குடியிருப்பினும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவும் பூட்டும் இருத்தல் போன்றது இது. பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட வலைப் பயன்பாடுகளில் இம்முறை நிறுவப்படும் பாங்கை இக்கட்டுரை விளக்குகிறது.

1. இரு வழிகள்

குடிகளின் தரவுகளை இரு வழிகளில் பிரிக்கலாம். முதலாவது, அனைத்தையும் ஒரே தரவுத்தளத்தில் வைத்து, ஒவ்வொரு பதிவிலும் உரிய குடியின் அடையாளத்தைச் சேர்த்தல். இரண்டாவது, ஒவ்வொரு குடிக்கும் தனித் தரவுத்தளம் அளித்தல். முன்னது சிக்கனமானது; எனினும் ஒரே ஒரு வினவல் அடையாளத்தைச் சோதிக்கத் தவறினும், ஒருவர் தரவு மற்றவர்க்குப் புலப்பட்டுவிடும். பின்னதில் அவ்விடர் குறைவு. ஆனால் அட்டவணை அமைப்பில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் எல்லாத் தரவுத்தளங்களிலும் செய்தல் வேண்டும்.

2. துளு விக்கிப்பீடியா

இவ்வேறுபாட்டைத் துளு விக்கிப்பீடியாவின் வளர்ச்சியில் காணலாம். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி, பிஎச்பியில் எழுதப்பட்டது. புதிய மொழிகளின் சோதனைப் பதிப்புகள் இன்குபேட்டர் என்னும் பொதுத்தளத்தில் வளர்கின்றன. அங்கு ஒவ்வொரு மொழியின் கட்டுரைத் தலைப்பும் அம்மொழிக்குரிய முன்னொட்டைப் பெறும். துளுவும் அவ்வாறே வளர்ந்தது. இது முதல் வழியை ஒத்தது. பெங்களூரில் இயங்கும் இணையம் மற்றும் சமூகத்திற்கான மையம் துளு ஆர்வலர்க்குத் துணைநின்றது. 2016 ஆகஸ்டில் துளு தனி முகவரியும் தனித் தரவுத்தளமும் பெற்றது. இஃது இரண்டாம் வழி.

தமிழ், கன்னடம், துளு ஆகிய மூன்று விக்கிப்பீடியாக்களும் ஒரே மென்பொருளால் இயங்குகின்றன. வரும் கோரிக்கையின் முகவரியைக் கொண்டே உரிய தரவுத்தளம் தெரிவுசெய்யப்படுகிறது. கட்டுரைகள் தனித்தனியானவை; பயனர் கணக்கும் பொதுவகப் படங்களும் பொதுவானவை.

3. நிறுவும் முறை

பிஎச்பியின் லாரவெல் சட்டகத்திற்கு டெனன்சி என்னும் தொகுப்பு உள்ளது. அதனைக் கம்போசர் வழியாகப் பெற்று நிறுவல் கட்டளையை இயக்கின், அமைப்புக் கோப்பும் குடிகளுக்குரிய வழித்தடக் கோப்பும் உருவாகும். அடுத்து, சேவை வழங்கியைப் பதிவுசெய்து, மையத் தரவுத்தளத்தில் குடிகள், முகவரிகள் ஆகியவற்றுக்கான அட்டவணைகளை ஆக்க வேண்டும். மையத்திற்குரிய முகவரிகளை அமைப்புக் கோப்பில் குறித்தல் வேண்டும். இறுதியாக, குடிகளின் அட்டவணைகளை ஆக்கும் கோப்புகளைத் தனி உறைக்கு மாற்றுதல் வேண்டும்.

இவ்விறுதிப் படியே கருதத்தக்கது. பயனர் அட்டவணை மையத்தில் மட்டும் இருப்பின், குடியின் தளத்தில் நுழைவோரைச் சரிபார்க்க அங்கு அட்டவணை இராது. தரவுத்தளத்தைப் பிரித்துவிட்டு இடைச்சேமிப்பையும் கோப்புகளையும் பொதுவில் விடின், பூட்டிய வீட்டின் சன்னல் திறந்திருப்பதாகும்.

4. மொழிப்பணியில் பயன்

பல மொழிகளின் அகராதிகளை ஒரே பயன்பாட்டில் தொகுக்க முனைவோர்க்கும் இவ்வினா எழும். தலைச்சொற்கள் மொழிதோறும் தனித்திருத்தல் தெளிவு. சொல்வகைப் பட்டியலைப் பொதுவாக்கின், ஒரு மொழியின் இலக்கணப் பகுப்பு மற்றொன்றின்மேல் ஏற்றப்படக்கூடும். எது பொது, எது தனி என்பதைக் கட்டளைகளை இயக்குமுன்னரே மொழியறிஞரும் நிரலாளரும் கூடி வரையறுத்தல் இன்றியமையாதது.