சுதேசி அஞ்சலும் சுதேசி விழிப்பும்

தாம்பரத்தைத் தாண்டிச் செங்கற்பட்டு மார்க்கத்தில் செல்லும் மின்சார ரயில், வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே ஊரப்பாக்கத்தில் நிற்கிறது. முன்னாளில் சிறு கிராமமாயிருந்த இவ்வூரில் இன்று கம்ப்யூட்டர் தொழிலை நம்பி ஜீவிக்கும் குடும்பங்கள் ஏராளமாகக் குடியேறியிருக்கின்றன. இங்கிருந்து தெற்கே சிறிது தூரத்தில், கூடுவாஞ்சேரியை அடுத்து, ஜோஹோ கம்பெனியின் பெரிய காரியாலயம் இருக்கிறது. 1996-ம் ஆண்டில் ‘அட்வென்ட்நெட்’ என்ற பெயருடன் தொடங்கி, 2009-ல் இப்போதைய பெயரை ஏற்ற இந்தக் கம்பெனியிடம், மத்திய சர்க்காரின் மின்னஞ்சல் சேவை 2023-ல் ஒப்படைக்கப்பட்டது. ஏறக்குறைய 12 லட்சம் சர்க்கார் சிப்பந்திகளின் அஞ்சல்கள் இந்தக் கம்பெனியின் ஏற்பாட்டுக்கு மாற்றப்பட்டுவிட்டன என்ற செய்தி 2025 அக்டோபரில் வெளியாயிற்று. உள்துறை மந்திரி ஸ்ரீ அமித் ஷாவும் அதே மாதத்தில் தமது அஞ்சலை இதற்கு மாற்றிக்கொண்டதாக அறிவித்தார்.

இச்செய்தியைக் கேட்டு நாம் மகிழ்ச்சியடைகிறோம் என்பதை மறைக்கவில்லை. அந்நிய ஆட்சியில் தேசபக்தர்களுக்கு வந்த கடிதங்கள் தபாலாபீசிலேயே உடைத்துப் படிக்கப்பட்ட காலத்தை நம்மவர் எளிதில் மறக்கமாட்டார்கள். அதற்கு அதிகாரமளித்தது 1898-ம் வருஷத்துத் தபாலாபீஸ் சட்டம். அந்நியர் போன பிறகும், வெகு காலம் வரையில் அந்தச் சட்டம் நம் நாட்டில் உயிரோடிருந்தது. பிறகு 2013-ல் ஸ்நோடன் என்ற அமெரிக்கர் வெளியிட்ட ரகசியங்களால், உலகத்தாரின் மின்னஞ்சல்களையெல்லாம் அமெரிக்க வேவுத் துறை துருவிப் பார்த்து வந்ததும், இந்தியாவும் அதற்கு விலக்கல்லவென்பதும் அம்பலமாயின. தன் கடிதப்பெட்டியின் சாவியை அந்நியனிடம் கொடுத்து வைப்பது சுதந்திர தேசத்திற்கு அழகல்ல. ஆகவே, இம்மாறுதல் வரவேற்கத்தக்கதே.

நிற்க. 1906-ல் தூத்துக்குடியில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோது, ஜனங்கள் தேசாபிமானத்தினால் அந்தக் கப்பல்களில் ஏறினார்கள். ஆனால், கப்பலின் அடியில் துளை விழுமானால், பாய்மரத்தில் பறக்கும் கொடி யாருடையதென்று கடல் கேட்பதில்லை. அஞ்சல் ஏற்பாட்டை நம்மவர் கைக்குக் கொண்டு வந்ததோடு காரியம் முடிந்துவிட்டதாக நினைப்போருக்கு, இதே கம்பெனியின் வேறொரு சரக்கின் சரித்திரத்தை நினைவூட்ட விரும்புகிறோம்.

ஜோஹோவின் ‘மேனேஜ்என்ஜின்’ என்னும் பிரிவு, பெரிய ஸ்தாபனங்களின் சிப்பந்திகள் தங்கள் கடவுச்சொற்களைத் தாங்களே மாற்றிக்கொள்ள உதவும் ஒரு மென்பொருளை விற்று வருகிறது. கடவுச்சொல் இல்லாமலே அன்னியர் உள்ளே புகுவதற்கு இடங்கொடுக்கும் குறையொன்று 2021-ல் அதில் கண்டுபிடிக்கப்பட்டது. கம்பெனியார் செப்டம்பர் மாத முதல் பாதியிலேயே அதை நீக்கும் திருத்தத்தை வெளியிட்டார்கள். அம்மாதம் 16-ந் தேதி அமெரிக்க அதிகாரிகளும் பகிரங்க எச்சரிக்கை விடுத்தார்கள். ஆனால், ஜெனிவாவிலுள்ள சர்வதேசச் செஞ்சிலுவைக் கமிட்டியார் தமது ஸர்வர்களில் அத்திருத்தத்தை உரிய காலத்தில் சேர்க்கவில்லை. நவம்பர் 9-ந் தேதி திருடர்கள் உள்ளே நுழைந்தார்கள். அவர்கள் வந்திருந்த விஷயம் 2022 ஜனவரி 18-ந் தேதிதான் தெரியவந்தது. கதவு திறந்து கிடந்த நாட்கள் எழுபது!

களவுபோனவை யாருடைய விவரங்கள்? யுத்தத்தினாலும் இயற்கை விபத்துக்களாலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமற் போனவர்கள், சிறையில் வாடுவோர் ஆகிய 5,15,000-க்கு மேற்பட்ட மனிதர்களுடையவை. பெற்ற தாயைத் தேடித் தருமாறு ஒருவன் நம்பிக் கொடுத்த பெயரும் ஊரும் முகமறியாத பகைவன் கையில் சிக்கின. சரக்கில் குறை இருந்தது மெய். திருத்தத்தைச் சேர்ப்பதில் தாமதம் நேர்ந்ததும் மெய். இவ்விரண்டும் சேர்ந்தபோதுதான் கேடு விளைந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

மின்னஞ்சல் ஸர்வர்களின் விஷயமும் இத்தகையதே. ‘ஜிம்ப்ரா’ என்பது கடிதப் போக்குவரத்து, நாட்குறிப்பு, பலர் கூடிச் செய்யும் காரியங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் மென்பொருள். உலகமெங்கும் பல சர்க்கார்களும் சர்வகலாசாலைகளும் அதைக் கையாளுகின்றன. வரும் கடிதங்களில் விஷமிருக்கிறதா என்று பார்ப்பதற்காக, இணைப்புக் கட்டுகளைப் பிரித்துச் சோதிக்கும் பகுதி ஒன்று அதிலுண்டு. கட்டைப் பிரிக்க அது நம்பியிருந்த பழைய கருவியில் குறையிருப்பதை 2022-ல் எதிரிகள் கண்டுகொண்டார்கள். தந்திரமாகக் கட்டிய கட்டொன்றைக் கடிதத்துடன் அனுப்பினால், அதைச் சோதிக்கும்போதே எதிரியின் கோப்பு ஸர்வருக்குள் போய் உட்கார்ந்துவிடும். கடிதத்தைப் பெறுபவர் அதைத் திறக்க வேண்டுமென்பதுகூட இல்லை. சோதனைச் சாவடியே கள்ளச் சரக்கு இறங்கும் துறையாயிற்று!

அடுத்த ஆண்டில் நடந்ததோ இன்னும் யோசிக்கத்தக்கது. ஜிம்ப்ராவின் வேறொரு குறையைக் கொண்டு, 2023 ஜூன் இறுதியில் கிரேக்க சர்க்காரின் அஞ்சல்கள் களவாடப்பட்டன. ஜூலை 5-ந் தேதி அக்குறையைச் சரி செய்யும் வரிகள், எவரும் பார்க்கக்கூடிய பொது இடத்தில் வெளியாயின. சகல வாடிக்கைக்காரருக்குமான முறைப்படித் திருத்தமோ ஜூலை 25-ந் தேதிதான் வந்தது. இந்த இருபது நாள் இடைவெளியில் மால்டோவா, துனிஷியா, வியட்நாம் ஆகிய நாடுகளின் சர்க்கார் அஞ்சல்கள் குறிவைக்கப்பட்டன. திருத்தம் வந்து ஒரு மாதமான பின்பும், ஆகஸ்டு இறுதியில், பாகிஸ்தானத்துச் சர்க்கார் ஸ்தாபனம் ஒன்று அதே வழியாகத் தாக்கப்பட்டது. திருத்தம் வெளியாகும் நாளிலேயே, கதவில் துளை எங்கே இருக்கிறதென்ற செய்தியும் திருடனுக்கு எட்டிவிடுகிறது. அன்றே அதை அடைப்பவன் தப்புகிறான். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாமென்பவன் அகப்படுகிறான்.

பெரிய கம்பெனியின் சரக்கென்றால் இப்படி நேராது என்றும் சொல்வதற்கில்லை. உலகத்தில் மிகப் பெரிய மென்பொருள் கம்பெனிகளில் ஒன்றான மைக்ரோஸாப்டின் ‘எக்ஸ்சேஞ்ச்’ அஞ்சல் ஸர்வரில் இருந்த குறைகளுக்கு 2021 மார்ச் 2-ந் தேதி திருத்தம் வந்தது. அதற்கு முன்னரே எதிரிகள் புகுந்து, மறுபடி வருவதற்கான திருட்டு வாயில்களையும் அமைத்துவிட்டிருந்தார்கள். பல ஆபீசுகள் திருத்தத்தைச் சேர்த்துவிட்டு நிம்மதியாக உறங்கின. உள்ளே வைக்கப்பட்ட வாயில்களைத் தேடி அகற்றவில்லை. கடைசியில், அமெரிக்க சர்க்கார் நீதி ஸ்தலத்தின் உத்தரவு பெற்று, நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களிலிருந்து அவற்றைத் தாமே நீக்க நேர்ந்தது. தாழ்ப்பாளைச் செப்பனிட்டால் மட்டும் போதாது. வீட்டினுள் எவனேனும் ஒளிந்திருக்கிறானா என்றும் விளக்கேற்றிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? முதலாவதாக, ஒவ்வொரு சர்க்கார் காரியாலயத்திலும், ஜில்லா போர்டு முதல் கிராமப் பஞ்சாயத்து வரையில், திருத்தங்களைச் சேர்ப்பதற்குப் பொறுப்பாளி இன்னார் என்று எழுத்து மூலமாக நியமிக்க வேண்டும். எல்லாருக்கும் பொதுவான வேலை எவருடைய வேலையுமாகாது. இதற்கென்று ஆளும் பொருளும் ஒதுக்காமல், நேர்ந்த பின் சிப்பந்தியின் மேல் பழி போடுவது நியாயமன்று.

இரண்டாவதாக, நேர்ந்ததை மறைக்கலாகாது. 2022 ஏப்ரல் 28-ந் தேதி, இந்திய சர்க்காரின் கம்ப்யூட்டர் அபாய நிவாரண ஸ்தாபனமாகிய ‘செர்ட்-இன்’, இத்தகைய தாக்குதல்களை ஆறு மணி நேரத்திற்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டுமென்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவே. ஆனால் அது சர்க்காருக்குச் சொல்வது பற்றியது. தன் கடிதம் களவுபோன பிரஜைக்கு யார் சொல்வது? 2023-ம் ஆண்டின் தனிமனிதத் தகவல் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கடமையையும் விதிக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்கு மேலும் பதினெட்டு மாதத் தவணை அளிக்கப்பட்டது. திருடனுக்குத் தவணை ஏதுமில்லை என்பதை அதிகாரிகள் நினைவில் வைப்பார்களாக. செஞ்சிலுவைக் கமிட்டியார் தாங்கள் திருத்தத்தைச் சேர்க்கத் தவறியதை உலகறிய ஒப்புக்கொண்டார்கள். அதனால் அவர்கள் மதிப்புக் குறைந்துவிடவில்லை. நம் சர்க்காரும் நம் கம்பெனிகளும் அந்தத் துணிவைக் கைக்கொள்ளட்டும். குறை கூறுபவனைத் தேசத் துரோகியென்று வாய் அடைப்பது, துளையை மேலும் பெரிதாக்குவதேயாகும்.

மூன்றாவது வார்த்தை நம் ஊழியர்களுக்கு. கட்சிகளும் தொழிற் சங்கங்களும் அங்கத்தினர் ஜாபிதா, நன்கொடைக் கணக்கு, அந்தரங்க ஆலோசனை எல்லாவற்றையும் இன்று அஞ்சல் ஸர்வரிலேயே வைத்திருக்கின்றன. எவரோ ஒரு வாலிபர் என்றோ அமைத்துக் கொடுத்துவிட்டுப் போன ஸர்வர், வருஷக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடப்பதுண்டு. கூட்டம் போட்டுப் பிறருடைய வேவு வேலையைக் கண்டிக்கும் நாம், நம்மை நம்பிப் பெயர் கொடுத்த ஏழைத் தொழிலாளியின் விலாசத்தைத் திறந்த வீட்டில் போட்டு வைக்கலாமா? பராமரிக்க ஆளில்லையானால், ஸர்வர் நடத்தும் ஆசையை விட்டு, பொறுப்புள்ளவர்களிடம் அஞ்சலை ஒப்படைப்பதே விவேகம்.

ஊரப்பாக்கத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் வசிக்கும் வாலிபர்களில் பலர், உலகத்து ஸர்வர்களை இரவு பகலாகக் காவல் காக்கும் வேலையில் இருக்கிறார்கள். காலை ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு போய், அயல்நாட்டுக் கம்பெனிகளின் கதவுகளைச் சோதித்து வரும் இவர்களுடைய தேர்ச்சி, தங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் மாதத்தில் ஒரு நாள் பயன்படலாகாதா? அன்று ராட்டினம் சுற்றுவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள் நம் பெரியோர். இன்று இதற்கு ஒரு நாள் ஒதுக்குவது அதற்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. சுதேசிச் சரக்கை வாங்குவதோடு நம் விரதம் நிறைவு பெறாது. அதை அனுதினமும் செப்பமாக வைத்திருப்பதும் அதில் அடங்கியதேயாகும்.