நாலாவது ஆள் எங்கே?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை. காந்தி சிலைக்குச் சற்றுத் தள்ளி, மூன்று பையன்கள் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். திரையில் மூன்று வீரர்கள் தயார். நான்காவது இடத்தில் வெறும் கூட்டல் குறி. "டேய், எங்கடா இருக்க? ஆன்லைன் வா." மூன்று பேராகவும் ஆடலாம். ஆட மாட்டார்கள்.

பொருளாதாரக்காரர்கள் 'வலைப்பின்னல் விளைவு' என்பது அந்தக் கூட்டல் குறியைத்தான். ஓர் ஆட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே அதில் சேரக் காரணமாகிவிடுகிறது. பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் ஒரு மேட்சுக்கு 100 பேர் வரை இறங்குவார்கள். கூட்டமில்லாத ஆட்டத்தில் காத்துக் கிடக்க வேண்டும், இல்லையேல் கணினி ஆட்டுவிக்கும் பொம்மைகளைச் சுட வேண்டும். பொம்மையைச் சுட்டுவிட்டு யாரிடம் பீற்றிக்கொள்வது?

2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளைத் தடை செய்தது. களம் காலி. பெங்களூரு நிறுவனமான என்கோர் கேம்ஸ் 2021 குடியரசு தினத்தன்று 'ஃபௌஜி' என்ற ஆட்டத்தை இறக்கியது. விளம்பரத்துக்குக் குறைவில்லை, ஆனால் தொடக்கத்தில் தனியாளாகத்தான் சண்டை போட முடியும். கல்யாண மண்டபத்தைப் பிடித்து ஒரே ஒரு இலை போட்ட கதை.

அதே ஆண்டு ஜூலை 2-ல் பப்ஜியின் சொந்தக்கார நிறுவனமான கிராஃப்டனின் பிஜிஎம்ஐ வந்தது, ஏறக்குறைய பழைய பப்ஜியாகவே. காசு கொடுத்து வாங்கிய ஸ்கின் அலங்காரங்களைப் பழைய கணக்கிலிருந்து கொண்டுவரவும் வழி வைத்தார்கள். கெட்டிக்காரத்தனம் அங்கேதான். 2022 ஜூலையில் அதுவும் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டது. பத்து மாதம் கழித்துத் திரும்பியபோது நண்பர் செட்டும் திரும்பியது. 2022 பிப்ரவரியில் அதே வகை ஆட்டமான ஃப்ரீ ஃபயர் தடையானபோதோ, அதே ஐடி அதன் இன்னொரு பதிப்பான ஃப்ரீ ஃபயர் மேக்ஸில் செல்லுபடியானது. நண்பர்களைத் தேடி அலையும் வேலையே இல்லை.

டிவியில் மாட்டி ஆடும் கன்சோல்களில் இன்னொரு சுற்றும் உண்டு: வாங்குவோர் பெருகினால் கேம் தயாரிப்பவர்கள் வருவார்கள், கேம்கள் பெருகினால் வாங்குவோர் வருவார்கள். முன்னால் ஓடுபவருக்குச் சுவர் லாபம், பின்தங்கியவருக்குப் பாலம் லாபம். முன்னணியில் இருந்த சோனி, போட்டிக் கன்சோல்காரர்களோடு ஃபோர்ட்நைட்டைச் சேர்ந்து ஆட 2018 செப்டம்பர் வரை விடாததற்கு, என் கணக்கில், இதுதான் காரணம்.

புதிதாக வந்த ஓர் ஆட்டத்தைப் பற்றிப் பையன்களிடம் கேட்டேன். "கிராபிக்ஸ் சூப்பரா இருக்கு சார். ஆனா அதுல எவன் இருக்கான்?" என்றான் ஒருவன். அதற்குள் கூட்டல் குறி மறைந்து நாலாவது வீரன் வந்து நின்றான். அப்புறம் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.