கிளிங்கான் நெற்றியும் ஒரு நல்ல மௌனமும்

1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய விண்வெளித் தொடர் 'ஸ்டார் ட்ரெக்'. அதில் 1967-இல் அறிமுகமான கிளிங்கான் என்னும் வேற்றுலகப் போர்வீரர்களுக்கு நம்மைப் போலவே சாதாரண நெற்றிதான். 1979-இல் வந்த திரைப்படத்திலோ நெற்றி முழுக்க எலும்பு மேடு! படத்துக்குப் பணம் தாராளம், ஒப்பனையும் கூடிவிட்டது, விஷயம் அவ்வளவுதான். ஆனால் ரசிகர்கள் விடுவார்களா? கதைக்குள்ளேயே காரணம் கேட்டார்கள்.

1996-இல் வோர்ஃப் என்னும் கிளிங்கான் பாத்திரம், வெளியாரிடம் அதைப் பேசுவதில்லை என்று நழுவிக்கொண்டது. 2005-இல், மரபணுச் சோதனை தவறிப் பரவிய தொற்று என்று விளக்கிவிட்டார்கள்.

வியாபாரியான எனக்குக் கணக்கு நேரானதில் திருப்திதான். ஆனாலும் அன்பர்களே, 26 வருஷம் ஆளுக்கொரு விடை தேட வைத்தது அந்த மௌனம். எல்லாக் கணக்கையும் ஆசிரியரே முடித்துவிட்டால், ரசிகனுக்கு என்ன வேலை மிச்சம்?