உள்ளங்கை எஞ்சின் – 5: சாண் நீளக் குழாய்

டி-மேக்ஸ் என்ற ரிமோட் கண்ட்ரோல் பொம்மை டிரக்கின் 2.5 சிசி எஞ்சினைக் கழற்றிவிட்டு 3.3 சிசி எஞ்சினைப் பூட்டியதோடு போன வாரம் நின்றோம். பூட்டிய கதையை மறுபடி சொல்வதற்கில்லை. இந்த வாரம் கிளட்ச் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் கண் சைலன்சரில் போய் நின்றுகொண்டு நகர மறுக்கிறது.

டெக்சாஸின் டிராக்சாஸ் நிறுவனம் 1999-ல் டி-மேக்ஸைக் கொண்டுவந்ததிலிருந்து, அதை வைத்திருப்பவர்களின் தீராத ஆசை இன்னும் பெரிய எஞ்சின்தான். 2.5-லிருந்து 3.3-க்குப் போனால் கொள்ளளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஆனால் சின்ன எஞ்சினுக்கென்று செய்த சைலன்சர் பைப்பையே பெரியதிலும் மாட்டி ஓட்டினால், செலவழித்த பணத்துக்கான வேகம் முழுதாகக் கைக்கு வராது. சத்தத்தைக் குறைக்கும் டப்பா என்றுதான் பலரும் அதை நினைக்கிறார்கள். உண்மையில் அது எஞ்சினின் ஓர் உறுப்பு. பிஸ்டனுக்கு அடுத்த இடம் அதற்குத்தான் என்பேன்.

டூ ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளை பிஸ்டனே மேலும் கீழும் ஓடித் திறந்து மூடுகிறது. புகைத்துளை திறந்திருக்கும்போதே மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த புது எரிபொருள் உள்ளே வருகிறது; வந்ததில் ஒரு பங்கு எரியாமலே வெளியே ஓடிவிடப் பார்க்கிறது. இங்கேதான் பைப்பின் வடிவம் வேலை செய்கிறது. புகையோடு கிளம்பும் அழுத்த அலை, முதலில் விரியும் கூம்பைத் தொட்டதும் உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து மிச்சப் புகையை இழுக்கிறது. அடுத்து குறுகும் கூம்பில் மோதுவது தள்ளும் அலையாகத் திரும்பி, வெளியே வந்துவிட்ட புது எரிபொருளைச் சிலிண்டருக்குள் திணிக்கிறது. படியில் தொங்குகிறவர்களை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தும் கண்டக்டரின் வேலை அது. அந்தக் கணத்தில் பிஸ்டன் துளையை மூடிவிட வேண்டும்.

அந்தக் கணம் எவ்வளவு சின்னது? நிமிடத்துக்கு 30,000 சுற்று என்றால் நொடிக்கு 500. ஒரு சுற்றுக்கு 2 மில்லிநொடி. புகைத்துளை திறந்திருப்பது ஏறக்குறைய அரைச் சுற்று, அதாவது 1 மில்லிநொடி. சூடான புகையில் ஒலி நொடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். அந்த 1 மில்லிநொடியில் அரை மீட்டர். போக ஒரு பாதி, வர ஒரு பாதி என்றால் குறுகும் கூம்பு 25 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு சாணும் கொஞ்சமும்! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இந்த வித்தையை முழுமைக்குக் கொண்டுவந்தவர் வால்டர் காடன். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியின் பீனமுண்டே ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த பொறியாளர்; பிறகு கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் பந்தயப் பிரிவை நடத்தியவர். பணமும் பொருளும் தட்டுப்பாடான அந்த நாட்டில், குழாய்க்குள் ஓடும் அலைகளை ஆசிலோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து வடிவத்தைச் செதுக்கினார். 1961-ல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறனைத் தொட்டது. லிட்டருக்கு 200 என்ற கணக்கு அது.

அந்த ஆண்டு செப்டம்பரில், பெர்லின் சுவர் எழுந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எம்இசட்டின் நட்சத்திர வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்துக்குப் போனவர் ஊர் திரும்பவில்லை. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கார் டிக்கியில் ஒளிந்து எல்லையைத் தாண்டினார்கள். காடனின் ரகசியங்கள் டெக்னரோடு சுசூகிக்குப் போயின. 1962-ல் 50 சிசி உலகப் பட்டம் அவருக்கும் சுசூகிக்கும் கிடைத்தது. ஃபார்முலா ஒன் பார்ப்பவர்களுக்கு சுசூகா தளத்தின் டெக்னர் வளைவு தெரிந்திருக்கும். அந்த டெக்னர் இவர்தான். எம்இசட்டுக்கோ கடைசிவரை உலகப் பட்டம் கிட்டவில்லை. காடனின் பெயரில் ஒரு வளைவாவது எங்காவது இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நம்மூரில் ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு வேறு சைலன்சர் மாட்டிவிட்டு “இழுவை போச்சே” என்று வருந்தியவர்கள் அறியாமல் தொட்டதும் காடனின் இந்தக் கணக்கைத்தான்.

இனி டிரக்குக்கு வருவோம். எஞ்சினையும் பைப்பையும் இணைக்கும் இடத்தில் சிலிக்கோன் குழாய்த் துண்டு இருக்கிறதல்லவா? நீளம் கூட்டினால் குறைந்த சுற்றில் இழுவை கிடைக்கும். குறைத்தால் உச்ச வேகம் கூடும். வெட்டுவதானால் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். இன்னொன்று: பைப்பின் அழுத்தத்தில் ஒரு பங்கு மெல்லிய குழாய் வழியே எரிபொருள் டேங்குக்குப் போய், கார்புரேட்டருக்கு எரிபொருளைத் தள்ளுகிறது. பைப் மாறினால் அந்த அழுத்தமும் மாறும். ஆகவே கார்புரேட்டரில் எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஹை ஸ்பீட் நீடிலைக் கொஞ்சம் திறந்துவிட்டு, பின்னால் புகை கோடு போடும்படி ஓட்டிப் பார்த்து, அப்புறம் துளித்துளியாக மூடுங்கள். புகை நின்றுவிட்டால் எஞ்சினுக்கு எண்ணெய் போதவில்லை; உடனே நிறுத்திவிட வேண்டும்.

கிளட்ச் அடுத்த வாரம். அதற்குள் உங்கள் வண்டியின் கிளட்ச் பெல்லில் எத்தனை பல் என்று எண்ணிக் குறித்து வையுங்கள். 3.3-ன் பலத்துக்கு அந்த எண்ணை மாற்ற வேண்டுமா என்பதிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)