மாத்திரை: விழுங்குவதற்கு மட்டுமல்ல

டெல்லியில் வாங்கிய இருமல் மருந்துப் புட்டியில் 'மாத்ரா' என்று இந்தியில் எழுதியிருந்தால், தமிழர்கள் மாத்திரையைத் தேட வேண்டாம். அங்கே அது, குடிக்க வேண்டிய மருந்தின் அளவு. அந்தச் சொல்லின் சமஸ்கிருதப் பொருளும் 'அளவு' என்பதுதான்.

இசைக் கலைஞருக்கு அது காலக் கணக்கு. இந்துஸ்தானி இசையில் தீன்தாளுக்கு 16 மாத்ரா, ஜப்தாளுக்கு 10, ரூபக்குக்கு 7. இலக்கணத்திலும் அது காலம்தான். கண் இமைக்கும் நேரம் அல்லது விரல் நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்கிறது தொல்காப்பியம். குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு ½. இந்தி வகுப்பறையிலோ, மெய்யோடு ஒட்டும் உயிர்க் குறிகளுக்கு அதே பெயர்.

தமிழ்ப் பேச்சு வழக்கிலோ அது மருந்து வில்லையாகச் சுருங்கிவிட்டது. அளவு என்ற நினைவு கலைந்துவிட்டது. அங்கேதான் ஆபத்து. தாளத்தில் ஒரு மாத்ரா பிசகினால் சபை முகம் சுளிக்கும், அவ்வளவுதான். 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையோ பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் அதிகபட்சம் 8. தாண்டினால் கல்லீரல் பழுதாகலாம். காய்ச்சலுக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று, ஜலதோஷத்துக்கு வேறொன்று என்று விழுங்குபவர்கள், மூன்றிலும் அதே மருந்து இருக்கக்கூடும் என்பதைக் கவனிப்பதில்லை.

மாத்திரை என்றால் அளவு. அட்டையைப் பிரிக்கும்போதாவது அது நினைவுக்கு வருவது நல்லது.