தொண்ணூறு நாள் பழைய விலை

2023 ஜூலையில் தக்காளி வாங்கியவர்கள் அந்த விலையை மறந்திருக்க மாட்டார்கள். சென்னையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க அரசே இறங்க வேண்டி வந்தது. செப்டம்பரில் மகாராஷ்டிரத்து உழவர்கள் அதே தக்காளியைக் கூடைகூடையாகச் சாலையோரம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதத்தில் யாருடைய நாக்கும் மாறிவிடவில்லை. அப்படியானால் மாறியது எது?

காலக்கணக்கிலிருந்து தொடங்கலாம். தக்காளி நாற்றங்காலில் 25 நாள் இருக்கும். நட்ட பிறகு முதல் பறிப்புக்கு இன்னும் 60, 70 நாள். ஆக, இன்று மண்டியில் ஏலம் போகும் விலை, மூன்று மாதத்துக்கு முன் விதைத்தவர்களும் இடையில் பெய்த மழையும் சேர்ந்து முடிவு செய்தது. அதைப் பார்த்து இன்று விதைப்பது, போன வருஷத்துப் பஞ்சாங்கத்தை வைத்து முகூர்த்தம் குறிப்பது மாதிரி.

அதைவிட வேடிக்கை, அந்தப் பஞ்சாங்கத்தை ஊரே சேர்ந்து பார்ப்பது. விலை ஏறினால் எல்லோரும் நடுகிறார்கள், வரத்து குவிகிறது, விலை சரிகிறது. சரிந்ததைப் பார்த்து எல்லோரும் கைவிடுகிறார்கள், மறுபடி தட்டுப்பாடு. விலையையும் வரத்தையும் கட்டம் போட்ட தாளில் குறித்துப் புள்ளிகளை இணைத்தால், கோடு சுற்றிச் சுற்றி ஒட்டடைபோல வரும். பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டோர் 1934இல் இதற்குச் ‘சிலந்திவலைத் தேற்றம்’ என்று பெயர் வைத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1928இல், ஆர்தர் ஹனாவ் ஜெர்மனியின் பன்றி விலையில் இதே ஏற்ற இறக்கத்தைக் கண்டிருந்தார். வாங்குபவர்களைவிட விளைவிப்பவர்கள் விலைக்கு அதிகமாக ஆடினால் வலை சுற்றுக்குச் சுற்று விரியும். குறைவாக ஆடினால் சுருங்கி நடுவில் அமரும்.

தக்காளியை வாங்குபவர்கள் ஆடுவதே இல்லை. ரசத்துக்கு இரண்டு பழம் வேண்டுமென்றால் விலை ஏறினாலும் இரண்டு வேண்டும். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாரும் ரசத்தை நாலு டம்ளர் குடிப்பதில்லை. சார்லஸ் டேவனன்ட் என்ற ஆங்கிலேயர் 1699லேயே தானியத்துக்கு இதை எண்ணாக எழுதி வைத்தார். விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும். பாதி குறைந்தால் ஐந்தரை மடங்காகும். இதற்குக் ‘கிங் விதி’ என்று பெயர். அவர் காலத்துப் புள்ளியியலாளர் கிரிகரி கிங்கின் பெயரால் வந்தது. சற்றே கூடுதலாக விளைந்தாலும் விலை அதலபாதாளத்துக்குப் போவதற்கு இதே விதிதான் காரணம். நல்ல மகசூல் கெட்ட செய்தியாகும் தொழில் வேறெது என்று யோசித்துப் பார்த்தேன், சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“ஆடிப்பட்டம் தேடி விதை” என்ற சொலவடை மழையைக் கேட்டுச் சொன்னது, மண்டியைக் கேட்டுச் சொன்னதல்ல. எல்லோரும் ஆடியில் விதைத்தால் எல்லோருடைய வண்டியும் ஒரே வாரத்தில்தான் மண்டிக்கு வரும்.

பழுத்த தோட்டத்தை டிராக்டர் விட்டு உழுதுபோடும் படத்தைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். வெறுப்பில் செய்வது போலத் தெரியும். உண்மையில் அது துல்லியமான கணக்கு. உடுமலைப் பக்கம் தக்காளி 14 கிலோ பெட்டியில் போகும். ஒரு பெட்டியை விளைவிக்க 150 ரூபாய் ஆனது என்றும், பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் சேர்த்து இன்னும் 60 ரூபாய் ஆகும் என்றும் வைத்துக்கொள்வோம். பெட்டி 70 ரூபாய்க்குப் போனால் பறிப்பதுதான் சரி, ஏனென்றால் அந்த 150 எப்படியும் போய்விட்டது. பத்து ரூபாயாவது மிஞ்சும். 50 ரூபாய்க்குப் போனால், பறிக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் கையிலிருந்து பத்து ரூபாய் போகும். இனி திரும்பாத அந்த 150ஐ ‘மூழ்கிய செலவு’ என்பார்கள். நடும்போது அதைப் பார்க்க வேண்டும், பறிக்கும்போது பார்க்கக் கூடாது.

செலவு என்ற சொல்லுக்குள்ளேயே பல அடுக்குகள் உண்டு. மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம், கையைவிட்டுப் போன காசை மட்டும் ‘ஏ2’ என்கிறது. அதோடு குடும்பத்தார் உழைப்புக்கும், சொந்த நிலத்துக்கான வாடகைக்கும், போட்ட முதலுக்கான வட்டிக்கும் மதிப்புப் போட்டால் ‘சி2’. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று நம்மவர்கள் சொன்னது இந்த சி2 கணக்கைத்தான் என்பது என் சந்தேகம். ஏ2 பார்த்தால் உழக்கு என்ன, மூட்டையே மிஞ்சலாம்.

சின்ன வெங்காயம் இன்னும் விசித்திரம். அங்கே விதையும் விளைச்சலும் ஒரே பொருள். ஏக்கருக்கு ஏறத்தாழ 600 கிலோ விதை வெங்காயம் வேண்டும். கிலோ 20 ரூபாயென்றால் விதைச் செலவு 12,000; கிலோ 100 என்றால் 60,000. விலை உச்சத்தில் இருக்கும்போது ஆசைப்பட்டு இறங்குபவர் அந்த உச்ச விலையை விதைக்கும் கட்டிவிட்டுத்தான் ஆட்டத்துக்குள் வருகிறார். பதிலுக்கு அந்தப் பயிர் ஒரு சலுகையும் தருகிறது. பெரம்பலூர்ப் பக்கம் வயலோரத்தில் காற்று ஊடாடும்படி பட்டறை போட்டு வெங்காயத்தைச் சேர்த்து வைப்பார்கள். தக்காளிக்காரர் இன்றே விற்றாக வேண்டும். வெங்காயக்காரரால் கொஞ்ச காலம் காத்திருக்க முடியும். விலை படியவே இல்லையென்றால் அதையே விதையாக்கலாம்.

இத்தனையும் தெரிந்த கெட்டிக்காரர், ஊருக்கு எதிராக நட்டால் என்ன? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் சாந்தா ஃபே நகரில் எல் ஃபரோல் என்றொரு மதுக்கூடம். பிரையன் ஆர்தர் என்ற பொருளியலாளர் 1994இல் அதை வைத்து ஒரு புதிர் போட்டார். நூறு பேரில் அறுபதுக்கு மேல் வந்தால் நெரிசல், குறைவாக வந்தால் சுகம். போகலாமா, வேண்டாமா? கூட்டமிருக்காது என்று எல்லோரும் நினைத்தால் எல்லோரும் வந்துவிடுவார்கள், நினைப்பு பொய்யாகும். கூட்டமிருக்கும் என்று நினைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள், அதுவும் பொய். ஆனால் ஆளுக்கொரு கணிப்பு முறையைக் கொடுத்துக் கணினியில் ஓடவிட்டபோது, யாரும் யாரோடும் பேசாமலே வருகை சராசரியாக அறுபதை ஒட்டியே நின்றது. ஊர் பிழைப்பது ஆளுக்கு ஆள் கருத்து வேறுபடுவதால்தான்.

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விதைப்புக்கு முன்பே விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. ஒட்டன்சத்திரம் போன்ற சந்தைகளின் பல ஆண்டு விலைகளை அலசிச் சொல்வது. மழை முன்னறிவிப்புக்கு இல்லாத ஒரு சங்கடம் இதற்கு உண்டு. நாம் குடை எடுத்துப் போவதால் மழை நிற்காது. விலை ஏறும் என்றதை எல்லோரும் நம்பி நட்டால், அந்த விலை வராது.

அதனால் அனுபவசாலிகள் விலையைக் கேட்பதைவிட நாற்றைக் கேட்கிறார்கள். உடுமலைப் பக்கத்து நாற்றுப் பண்ணை ஒன்றில், பச்சை வலைக் கூரையின் கீழ், 98 குழித் தட்டுகள் வரிசையாக இருந்தன. ஒரு பெரியவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். நாற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“ஏனுங்க, இந்த வாரம் தக்காளி எத்தன தட்டு போச்சுங்க?”

தட்டு எண்ணிக்கைதான் மூன்று மாதம் கழித்து வரப்போகும் வரத்து. மண்டி விலைப்பலகை சொல்லாததை அது சொல்லும். பண்ணைக்காரர் சிரித்தார்.

“காலைல இருந்து நீங்க நாலாவது ஆளுங்க, இதக் கேக்கறது. ஒருத்தரும் நாத்து வாங்கல.”

பெரியவர் கொஞ்ச நேரம் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அரை ஏக்கருக்கு நாற்று சொல்லிவிட்டுப் போனார்.