பிள்ளையிடம் தற்கொலை பற்றி நேராகக் கேட்டால் எண்ணம் வளருமா, தணியுமா?

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் பொங்கலுக்குப் பால் பொங்கினால் கொண்டாட்டம். வீட்டு அடுப்பில் பொங்கினால்? மேலே படியும் ஆடை ஆவியை அடைப்பதால் வரும் வினை அது. கரண்டியால் கிளறினால் அடங்கும்.

பதின்வயது மனமும் ஏறக்குறைய அப்படித்தான். உணர்ச்சியைக் கிளப்பும் மூளைப்பகுதி முந்திக்கொள்ளும். அதை நிதானப்படுத்தும் நெற்றிப்பகுதி முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். பொங்கும் உணர்ச்சியை வெளியே சொல்லவிடாத வெட்கம்தான் ஆடை.

"சாகணும்னு தோணுதாப்பா?" என்று கேட்பது கரண்டி. கேட்டால் எண்ணம் முளைக்கும் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. உணர்வைச் சொல்லாக்கினாலே மூளையின் அச்ச மையம் சற்றுத் தணிகிறது. அறிவுரை அப்புறம், முதலில் காது கொடுங்கள்.

சிங்கப்பூரில் 2020 முதல் தற்கொலை முயற்சி குற்றமல்ல; உதவி கேட்கத் தயங்க வேண்டாம். 'சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்' அமைப்பை 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம்.